புதன்கிழமை ஓடியவர்கள்

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் நாலைந்து பேர் பள்ளி பேண்ட் லாரியில் மரிம்பாக்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். என் மகன் பேண்டில் டிராம்போன் வாசிக்கிறான். டெக்சாஸில் பேண்ட் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு ஒரு வேலை உண்டு. இடைவேளையில் சக்கரம் வைத்த பெரிய வாத்தியங்களை மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டும், வாசித்து முடித்ததும் திரும்பத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். எட்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் ஸ்டேடியத்தில் புல்தரையின் மேல் கால் வைக்கும்போது உடம்பில் ஓடுகிற ஒன்று இருக்கிறதே, அதற்காகவே மூன்று வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

லாரிப் பக்கம் வழக்கமாக ஒரு வாதம் நடக்கும். டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் (நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஆட்டம்) வரலாற்றிலேயே சிறந்த ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுகிறவர், யார்? நம் ஊர் டீக்கடையில் எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று பேசினால் எப்படி முடிவே வராதோ, அப்படி ஒரு விஷயம் இது. மிட்லாண்ட் பக்கத்துக்காரர் ஒருவர் செட்ரிக் பென்சன் என்பார். சீலி ஊரில் வளர்ந்தவர் எரிக் டிக்கர்சனைத் தவிர வேறு பெயரைக் காதில் வாங்க மாட்டார். டைலர்க்காரருக்கு ஏர்ல் கேம்பெல்தான். நான் இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. எனக்குச் சொந்தமாக இருந்த பெயர் கென் ஹால். காரணம் எளிது. நான் இருப்பது ஷுகர் லேண்ட், அவர் ஓடியதும் ஷுகர் லேண்ட். அன்றைக்கும் அதையே சொன்னேன். நம்பரைப் பாருங்கள், அதற்கு மேல் என்ன பேச்சு என்றேன்.

லாரியின் சாய்தளத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். டிரம் வாசிக்கும் பெண்ணின் தாத்தா, கறுப்பினத்தவர், எண்பது தாண்டியவர். எந்த வாத்தியம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கைத்தடியால் காட்டுவதுதான் அவர் வேலை. அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "அதே 1953-ல் புதன்கிழமை ராத்திரி ஓடினவங்களை யாராவது எண்ணினாங்களா, தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வியே முழுசாகப் புரியவில்லை. இத்தனை மாதம் ஆகியும் அது என்னை விட்டுப் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

பதினொரு ஓட்டம், 520 யார்டு

சடுகுடு பார்த்தவர்களுக்கு ரன்னிங் பேக்கைப் புரியவைப்பது சுலபம். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணி பதினொரு பேருக்குள் பாய வேண்டும். அவர்கள் பிடித்துக் கீழே தள்ளுவதற்குள் எத்தனை யார்டு முன்னேறினாரோ அது அவர் கணக்கு. மூச்சுப் பிடிக்க வேண்டியதில்லை, முன்னால் வழி திறந்துவிட ஐந்தாறு பலசாலிகள் இருப்பார்கள். ஆனால் வழி அரை நொடிதான் திறந்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காலை வைக்கலாம் என்றால் நேரம் போய்விடும். கால் முதலில் போக வேண்டும். ஒரு ஆட்டத்தில் 100 யார்டு எடுத்தால் நல்ல ஆட்டம். 200 எடுத்தால் மறுநாள் ஊரே பேசும்.

கென் ஹால் 1953 சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 337 யார்டு ஓடினார். பன்னிரண்டு ஆட்டங்களில் மொத்தம் 4,045. ஹூஸ்டன் லூதரன் பள்ளிக்கு எதிரான ஆட்டத்தில் பந்து அவர் கைக்கு வந்தது பதினொரு தடவை, ஓடியது 520 யார்டு. வகுத்துப் பாருங்கள், ஒரு தடவைக்கு 47 யார்டு. மைதானமே 100 யார்டுதான். 1950 முதல் 1953 வரை பள்ளியில் அவர் ஓடிய மொத்தக் கணக்கு 11,232. அமெரிக்கா முழுவதற்கும் அதுதான் சாதனை, 59 வருஷம் யாரும் தொடவில்லை. 2012-ல் ஃப்ளோரிடாவின் யூலீ என்ற ஊரில் டெரிக் ஹென்றி என்ற பையன் 12,124 ஓடித்தான் அதைத் தாண்டினான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு பிராட்மேனின் 99.94 என்ற எண் மனதில் எப்படிப் பதிந்திருக்கிறதோ, அப்படித்தான் இந்த 11,232 எனக்குள் பதிந்தது. வந்த புதிதில் எனக்கு இந்த ஊரில் எதுவும் என்னுடையது இல்லை. தெருப் பெயர்கள் வாயில் நுழையாது. இம்பீரியல் சர்க்கரை ஆலை நான் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே மூடிவிட்டார்கள், ஊர்ப் பெயரில் மட்டும் சர்க்கரை மிச்சம். பக்கத்து மிசௌரி சிட்டியில் பள்ளி ஆட்டங்கள் நடக்கும் ஸ்டேடியத்துக்கு ஏன் கென்னத் ஹால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கப் போய்த்தான் இந்த எண்களைக் கண்டேன். ஒரு சர்க்கரை ஆலை ஊரின் சின்னப் பள்ளி, அதில் ஒரு பையன், அவனைப் பத்திரிகைகள் ஷுகர் லேண்ட் எக்ஸ்பிரஸ் என்று அழைத்தன. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, இந்த ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

அவர் பின்னாளில் எப்படி ஆனார் என்பதை இந்த வாதத்தில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்குப் போனார். அங்கே 'பேர்' (கரடி) பிரையன்ட் என்பவர் கோச்சாக இருந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, ஹால் அணியை விட்டே வெளியேறினார். அந்தப் பையனிடம் நான் தவறு செய்துவிட்டேன் என்று பிரையன்டே பின்னால் ஒப்புக்கொண்டார். தொழில்முறை ஆட்டத்திலும் அவர் பெரிதாக வரவில்லை. வரவில்லை என்பதால் பதினேழு வயதில் அவர் ஓடியது பொய்யாகிவிடுமா? பள்ளி ஆட்டத்தைப் பள்ளி ஆட்டமாகத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணை வைத்து அடிக்கிற சண்டை

நான் 11,232 என்றதும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? முதல் அடி எப்போதும் ஒன்றுதான்: ஷுகர் லேண்ட் ஆடியது கிளாஸ் பி. மிகச் சின்னப் பள்ளிகளின் பிரிவு. அந்தப் பிரிவில் மாநில சாம்பியன் ஆட்டமே கிடையாது, மண்டல அளவோடு சீசன் முடிந்துவிடும். எதிரில் நின்ற பல பையன்கள் அவரைவிட உடம்பில் பாதி. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல ஆட்டங்களில் ஸ்கோர் எகிறியதும் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். பதினொரே தடவை பந்து கொடுத்ததற்குக் காரணமும் அதுதான்.

ஃபோர்ட் வொர்த் பக்கத்தில் அலிடோ என்றொரு ஊர். அங்கே ஜோனதன் கிரே 2008 முதல் 2011 வரை 205 டச்டவுன் போட்டார், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினார், அன்றைக்கு அது தேசிய சாதனை. ஓடியது 10,889 யார்டு. மூன்று மாநிலப் பட்டங்கள் வேறு. இவருக்குச் சாதகமாகப் பேசுகிறவர்கள் பட்டங்களைக் காட்டுவார்கள். எதிராகப் பேசுகிறவர்கள், அலிடோ அணிக்கு வருஷத்துக்குப் பதினைந்து பதினாறு ஆட்டம் கிடைக்கிறது, ஹாலுக்குக் கிடைத்தது பன்னிரண்டு என்பார்கள். அலிடோவின் முன்வரிசையைப் பற்றியும் சொல்வார்கள். 2013-ல் இதே அலிடோ ஒரு பள்ளியை 91-0 என்று அடித்தது. தோற்ற அணிப் பையனின் பெற்றோர் ஒருவர், இது பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவது என்று புகாரே எழுதிக் கொடுத்தார். கிரே அப்போது அங்கே இல்லை, கல்லூரிக்குப் போய்விட்டார். ஆனாலும் அந்த வழிதிறக்கும் இயந்திரத்தின் பின்னால் ஓடியவர்தானே என்பது வாதம்.

பென்சன் கட்சிக்காரர் இதற்காகவே காத்திருப்பார். மிட்லாண்ட் லீ பள்ளி மிகப் பெரிய பிரிவில் ஆடியது. 1998, 1999, 2000 மூன்று வருஷமும் மாநிலப் பட்டம், பென்சன் ஓடியது 8,423. சின்னப் பிரிவு என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. 2019 ஆகஸ்டில் ஆஸ்டினில் பைக் விபத்தில் பென்சன் இறந்த அன்று அந்த மனிதர் வேலைக்குப் போகவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். சீலிக்காரர் 1978 இறுதி ஆட்டத்தைத் தவிர எதையும் பேச மாட்டார். வைலி பள்ளிக்கு எதிராக டிக்கர்சன் 296 யார்டு, நாலு டச்டவுன். தன் அப்பா மேல்சட்டைப் பையில் வைத்திருந்த அந்த ஆட்டத்தின் டிக்கெட் துண்டைச் சீலிக்காரர் இன்னமும் வைத்திருக்கிறார்.

ஹுக்ஸ் என்ற குட்டி ஊரின் பில்லி சிம்ஸ், 7,738. வேகோவின் லடேனியன் டாம்லின்சன், கடைசி வருஷம்தான் அவரிடம் பந்தை நம்பிக் கொடுத்தார்கள், அந்த ஒரே வருஷத்தில் 2,554. பாலஸ்டைன் ஊரின் ஏட்ரியன் பீட்டர்சன், 2003-ல் 2,960. இந்தப் பெயர்களைச் சொல்லும்போது பெரியவர்களின் முகத்தில் வருகிற வெளிச்சம் எனக்குப் பிடிக்கும். 1960-லிருந்து வேகோக்காரர் டேவ் கேம்பெல் தொடங்கிய ஆண்டிதழ் ஒன்று வருகிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி அணிகளைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் அச்சிடுவார்கள். அதை வேதப்புத்தகம் என்றே சொல்வார்கள். அதில் இருப்பதுதான் வரலாறு என்று நானும் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை

பெரியவர் கேட்டதை அன்றைக்கே விளக்கிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து படித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாய்தளத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

டெக்சாஸ் பள்ளி விளையாட்டை நடத்தும் அமைப்பு யூ.ஐ.எல். அதன் விதிப்படி வெள்ளையர் அரசுப் பள்ளிகள் மட்டுமே உறுப்பினராக முடியும். 1965-ல்தான் வெள்ளையர் என்ற சொல்லை விதியிலிருந்து எடுத்தார்கள். அதற்கு முன்னால் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு லீக் இருந்தது. ஹூஸ்டனுக்கு வடமேற்கே பிரேரி வியூ கல்லூரியை மையமாக வைத்து 1920-ல் தொடங்கியது. பி.வி.ஐ.எல். என்பார்கள். ஐம்பது வருஷம் நடந்து 1970-ல் முடிந்தது. வெள்ளிக்கிழமை இரவுகளில் ஸ்டேடியங்கள் வெள்ளையர் பள்ளிகளுக்கு. மிச்சம் கிடைத்த புதன், வியாழன் இரவுகளில் இவர்கள் ஆடினார்கள். அதே புல், அதே விளக்கு, வேறு கிழமை.

கூட்டம் வரவில்லை என்று நினைக்க வேண்டாம். ஹூஸ்டனில் நன்றி நவிலும் நாள் அன்று ஜாக் யேட்ஸ் பள்ளியும் வீட்லி பள்ளியும் மோதினால் 30,000 பேருக்கு மேல் திரள்வார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் எந்தப் பள்ளி ஆட்டத்துக்கும் அத்தனை கூட்டம் கூடியது அபூர்வம். ஆனால் பெரிய பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில வரிகள். யார் ஜெயித்தார்கள் என்று இருக்கும், எத்தனைக்கு எத்தனை என்று இருக்கும். யார் எத்தனை யார்டு ஓடினார் என்று எழுதிவைக்க ஓர் ஆளை அனுப்பினால்தானே எழுதிவைக்க முடியும்? கென் ஹால் பந்தைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒருவர் பென்சிலோடு நடந்தார். அதனால்தான் இன்று 11,232 என்று கடைசி இலக்கம் வரைக்கும் என்னால் சொல்ல முடிகிறது.

ஹால் ஓடிய அதே காலத்தை ஒட்டி, டல்லாஸின் லிங்கன் பள்ளியில் ஆப்னர் ஹெய்ன்ஸ் ஓடிக்கொண்டிருந்தார். 1956-ல் அவரும் லியோன் கிங் என்ற நண்பரும் வட டெக்சாஸ் கல்லூரி அணியில் சேர்ந்தார்கள். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த அணி அது. விடுதியில் இடம் தரவில்லை, ஊரின் இன்னொரு பக்கத்தில் தங்கிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார்கள். 1960-ல் புதிதாகத் தொடங்கிய ஏ.எஃப்.எல். தொழில்முறை லீக்கில் முதல் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஹெய்ன்ஸுக்குத்தான். அந்த வருஷம் லீக்கிலேயே அதிகம் ஓடியவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் பள்ளியில் எப்படி ஓடியிருப்பார்! லாரிப் பக்கம் நாங்கள் வாதாடிய இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அவர் பெயரை எடுத்ததில்லை. பியூமான்ட் நகரின் ஹெபர்ட் பள்ளியில் ஓடிய மெல் ஃபார் 1967-ல் என்.எஃப்.எல். என்ற பெரிய தொழில்முறை லீக்கின் சிறந்த புதுமுகம். கிராண்ட் ப்ரேரியின் டால்வொர்த் பள்ளியிலிருந்து வந்த சார்லி டெய்லரும் 1964-ல் புதுமுக விருது வாங்கினார், ரன்னிங் பேக்காக. இவர்களையும் எடுத்ததில்லை. பட்டியலில் மேலே இருக்கிற பெயர்களை வைத்துச் சண்டை போட்டோமே தவிர, பட்டியல் எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

இதையெல்லாம் நான் படித்துக்கொண்டு போய்ச் சொன்னபோது பெரியவர் தலையை ஆட்டினார். எல்லாம் அவருக்குத் தெரிந்த கதை. பிறகு போனை எடுத்து ஒரு படம் காட்டினார். சிவப்பு அட்டை போட்ட, பள்ளிக்கூடத்தில் பென்சிலால் எழுதுகிற மட்டமான தாள் நோட்டு. பக்கம் பழுப்பேறி ஓரம் உதிர்ந்திருந்தது. மேலே அவர் அண்ணன் பெயர், கீழே 1953. அதற்குக் கீழே கோடுகள். நாலு கோடு நிற்க, ஐந்தாவது அவற்றைக் குறுக்கே வெட்டும், நம் ஊரில் மூட்டை எண்ணுவது போல. நான் போனை வாங்கிப் பெரிதாக்கி எண்ணினேன். ஐந்தைந்தாக ஆறு கட்டு, தனியாக ஒரு கோடு. முப்பத்தொன்று.

"என் அண்ணன் போட்ட டச்டவுன். எனக்கு அப்போ பத்து வயசு. கிழக்கு டெக்சாஸில் சின்ன ஊர். அம்மா மடியில் உட்கார்ந்து எண்ணுவேன். யார்டு எண்ணத் தெரியாது, கோட்டைத் தாண்டினால் தெரியும். தாண்டினால் ஒரு கோடு."

கடைசிக் கோடு மட்டும் மற்றவற்றைவிட நீளமாக, தாளைக் கிழித்துவிடும் அழுத்தத்தோடு இருந்தது. அது என்ன ஆட்டம் என்று கேட்டேன். மழையில் ஆடிய ஆட்டம் என்றார், சேற்றில் நாலு பேரை முதுகில் இழுத்துக்கொண்டு போனான் என்றார். அண்ணன் பள்ளி முடித்ததும் ராணுவத்துக்குப் போனார், திரும்பி வந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தார், பிறகு ஒரு நாளும் ஆட்டம் பார்க்க ஸ்டேடியத்துக்கு வந்ததில்லை. அவ்வளவுதான் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் களம்

அன்று ராத்திரி காரை ஓட்டிக்கொண்டு வரும்போது என் மாமா ஞாபகம் வந்தார். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். எழுபதுகளில் மாமா சடுகுடுவில் பாடிப்போனால் எதிர்க்களம் கலங்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். பொங்கலுக்குக் கோயில் பொட்டலில் நடக்கும் போட்டியில் அவர் வாங்கிய குத்துவிளக்கு இன்றைக்கும் அத்தை வீட்டில் எரிகிறது. யாரும் புள்ளி எழுதிவைக்கவில்லை. ஆனால் மாமாவைப் பற்றிப் பேச ஊர் இருந்தது.

அந்தப் பொட்டலில் காலனித் தெருப் பையன்கள் ஆடியதில்லை. அவர்கள் கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆடினார்கள். சின்னப் பையனாக மாடு பத்திக்கொண்டு போகும்போது நானே கரையில் நின்று பார்த்திருக்கிறேன். ஒல்லியாக, உயரமாக ஒருவர் பாடிவந்ததும், அவர் காலைப் பிடித்தவர்கள் மூன்று பேரும் கோட்டைத் தாண்டி அவரோடு வந்து விழுந்ததும் கண்ணில் நிற்கிறது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்குப் போன் போட்டு அண்ணனிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. மாமா காலத்தில் மாமாதான் பெரிய ஆள் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோமே, யாரோடு வைத்துப் பார்த்துச் சொன்னோம்?

ரோஜா ஊர்க்காரர்

இத்தனைக்கும் பிறகு, சரி, உன் ஓட்டு யாருக்கு என்று டைலர்க்காரர் நச்சரித்தார். யோசித்துத்தான் சொல்கிறேன்: ஏர்ல் கேம்பெல், 1973.

அவர் கணக்கு 2,224 யார்டுதான். ஹாலின் கடைசி வருஷக் கணக்கில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். டிக்கர்சன், பீட்டர்சன், டாம்லின்சன் மூவரும் ஒரு சீசனில் அவரைவிட அதிகம் ஓடியிருக்கிறார்கள். ஆனாலும் எனக்குள் அந்த 2,224 வேறு எடையோடு நிற்கிறது.

டைலர் ரோஜா விளையும் ஊர். கேம்பெல் குடும்பத்தில் பதினொரு பிள்ளைகள், இவர் ஆறாவது. அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். அம்மாவோடு பிள்ளைகளும் ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை செய்தார்கள். படுத்தால் கூரை ஓட்டை வழியே நட்சத்திரம் தெரியும் வீடு. டைலரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளி எம்மெட் ஸ்காட். கூட்டாட்சி நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 1970-ல் அதை மூடி, பிள்ளைகளை மற்றப் பள்ளிகளில் சேர்த்தார்கள். கேம்பெல் பிறந்தது 1955-ல். ஐந்து வருஷம் முன்னால் பிறந்திருந்தால் எம்மெட் ஸ்காட்டுக்குத்தான் போயிருப்பார். பின்னால் பிறந்ததால் ஜான் டைலர் பள்ளிக்குப் போனார். அன்றைக்கு இருந்ததிலேயே பெரிய பிரிவான 4ஏ-யில், பதினைந்து ஆட்டம், ஒன்றிலும் தோல்வி இல்லை. இறுதி ஆட்டம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்தில், ஆஸ்டின் ரீகன் பள்ளிக்கு எதிராக 21-14.

கறுப்பினப் பையன்களும் வெள்ளையர் பையன்களும் எதிரணியிலும் சொந்த அணியிலும் கலந்து நின்ற களம் அது. யாரையும் வெளியே நிறுத்திவிட்டு எடுத்த 2,224 இல்லை. ஓடிவரும் ஆளை விலகிப் போகிறவர் கிடையாது கேம்பெல், நேராக மார்பில் மோதிக்கொண்டு போவார். தற்காப்பில், எதிரணி ஓட்டக்காரரை மறிக்கும் லைன்பேக்கராகவும் நின்றார், அவரே மோதினார், அவரையும் மோதினார்கள். 1981-ல் டெக்சாஸ் சட்டமன்றம் அவரை மாநில நாயகன் என்று அறிவித்தது. அதற்கு முன் அந்தப் பெருமை ஸ்டீஃபன் ஆஸ்டின், சாம் ஹூஸ்டன், டேவி க்ராக்கெட் மூவருக்கு மட்டுமே. அந்த உடம்பு வாங்கிய அடி பின்னாளில் அவரைச் சக்கர நாற்காலி வரை கொண்டுபோனது. பள்ளியின் பெயரும் மாறிவிட்டது. ஜான் டைலர் என்ற முன்னாள் ஜனாதிபதி உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காக நின்ற தென்மாநிலங்கள் பக்கம் போனவர், அதனால் 2020-ல் பெயரை எடுத்துவிட்டு வெறும் டைலர் உயர்நிலைப் பள்ளி ஆக்கினார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைப் பெரியவரே சொன்னார். சான் அன்டோனியோவில் கதவு முன்னாலேயே திறந்துவிட்டது. பிராக்கன்ரிட்ஜ் பள்ளியில் வாரன் மெக்வே 1962-லேயே மாநிலப் பட்டம் வாங்கிய அணியில் ஆடினார். 1963 நவம்பரில், கென்னடி டல்லாஸில் சுடப்பட்டு ஒரு வாரம் கழித்து, ராபர்ட் ஈ. லீ பள்ளியோடு சான் அன்டோனியோவில் ஓர் ஆட்டம் நடந்தது. 55-48, மெக்வே அணி தோற்றது. டெக்சாஸில் இதுவரை நடந்த சிறந்த பள்ளி ஆட்டம் அதுதான் என்பவர்கள் நிறையப் பேர். மெக்வேயைக் கேம்பெலுக்கு முன்னால் வைத்தால் என்ன என்று பெரியவர் கேட்கிறார். வைக்கலாம். மெக்வே வளைந்து நெளிந்து தப்புகிறவர், கேம்பெல் மோதித் தள்ளுகிறவர். எனக்கு மோதுகிறவரைப் பிடிக்கிறது, மாமா மாதிரி.

கென் ஹாலை நான் கைவிட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. பதினேழு வயதுப் பையன் விதியை எழுதவில்லை. அவன் கையில் பந்தைக் கொடுத்தார்கள், அவன் ஓடினான், யாரும் ஓடாத மாதிரி ஓடினான். இன்றைக்கும் அந்த ஸ்டேடியத்தில் அவர் பெயரைத் தாண்டி உள்ளே போகும்போது மனசு நிறைகிறது. கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்துவிட்டது. 2018-ல் இதே ஷுகர் லேண்டில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. அடிமைமுறை ஒழிந்த பிறகும், கைதிகள் என்ற பெயரில் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட கறுப்பின மக்கள். அந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். பல வருஷம் அது எனக்கு வெறும் காலி நிலமாகத் தெரிந்தது.

சீசனின் கடைசி வெள்ளிக்கிழமை பெரியவரின் கைத்தடியை வாங்கிக்கொண்டு படியேற்றி எங்கள் வரிசையில் உட்காரவைத்தேன். இரண்டாம் பாதியில் எங்கள் பையன் ஒருவன் இடப்பக்கம் கிடைத்த இடுக்கில் புகுந்து, ஒருவன் கையை உதறி, ஓரக்கோட்டை ஒட்டியே போய் எல்லைக்குள் விழுந்தான். பேண்ட் முழங்கியது. அறுபத்திரண்டு யார்டு என்று ஒலிபெருக்கி சொன்னது, ஸ்கோர்போர்டில் எண் மாறியது. எல்லாரும் எழுந்து நின்று கத்தினோம். பெரியவர் மட்டும் எழவில்லை. வலது கை ஆள்காட்டி விரலால் தன் முழங்காலின் மேல் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார்.